பச்சை விளக்குச் சாட்சி

பொன்னுரங்கம் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதனால்தான் இருபத்திரண்டு வருஷமாகப் போலீஸ்காரர்கள் அவரை நம்பிப் பொய்ச்சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

செங்காட்டூர் மணிக்கூண்டு காவல் நிலையத்துக்கு நேர் எதிரே, புங்கமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர் அவர். ஸ்டேஷன் காக்கிச் சட்டை அத்தனையும் அவர் கையால்தான் மடிப்புக் கலையாமல் போகும். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால் மகஜர் எழுத வேண்டும். அதில் 'என் கண் முன்னால்தான் எடுத்தார்கள்' என்று பொதுஜனம் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் கோர்ட்டு, வாய்தா என்று அலைய எந்தப் பொதுஜனத்துக்கு ஆசை? ஆகவே ஏட்டு சண்முகையா ஸ்டேஷன் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். இவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். திருட்டு சைக்கிள், கஞ்சாப் பொட்டலம், வீச்சரிவாள் என்று எத்தனையோ அவர் கண் முன்னால் எடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த நேரத்தில் அவர் கண் முன்னால் இருந்ததென்னவோ ஏட்டையாவின் கால்சட்டைதான்.

வழக்கு கோர்ட்டுக்கு வரும்போது ஏட்டு வந்து பாடம் எடுப்பார். நடந்ததாகச் சொல்லப்படுவதை மூன்று தரம் சொல்வார். பொன்னுரங்கத்துக்குப் படிப்பு ஏறாது, ஆனால் கை வேலை செய்யும்போது காதில் விழுந்தது ஏறும். காலருக்கு ஒரு வரி, கைக்கு ஒரு வரி, முதுகுக்கு ஒரு வரி என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே தேய்ப்பார். முப்பது சட்டை முடிவதற்குள் சைக்கிளின் மணியில் துரு இருந்ததுகூடத் தெரிந்துவிடும். ஏட்டு அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

அப்புறம்தான் கூடை வந்தது.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நினைவாடி. பார்ப்பதற்குக் கவிழ்த்துப் போட்ட பூக்கூடை மாதிரி இருந்ததால் ஊர் கூடை என்றது. சாட்சியின் தலையில் அதைக் கவிழ்த்து, 'அன்றைக்கு என்ன பார்த்தாய்?' என்று கேட்டால் போதும், அவர் நினைப்பது எதிரே உள்ள திரையில் படமாக ஓடும். நிஜமான ஞாபகமாக இருந்தால் ஓரத்தில் பச்சை விளக்கு எரியும். இட்டுக்கட்டினால் சிவப்பு. பச்சை எரிந்த படத்தை யாரும் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது என்று புதுச் சட்டமும் கூடவே வந்தது. வக்கீல்கள் ஒரு வாரம் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு நின்றார்கள். ஊரே சந்தோஷப்பட்டது, இனிமேல் பொய்ச்சாட்சியின் பருப்பு வேகாது என்று.

முதலில் மாட்டியவர் டீக்கடை பக்கிரி. அவரும் பொன்னுரங்கம் மாதிரி ஸ்டேஷனுக்கு நேர்ந்துவிட்ட சாட்சிதான். கூடையைக் கவிழ்த்தார்கள். திரையில் கஞ்சா மூட்டைக்குப் பதிலாக ஏட்டு சண்முகையாவின் முகம் வந்தது. வாய் நிறைய வடையோடு ஒரு தாளைப் பார்த்து வாசித்துவிட்டு, "எங்க, திருப்பிச் சொல்லு" என்றது. கோர்ட்டு குலுங்கிச் சிரித்தது. ஏட்டுக்கு மூன்று நாள் காய்ச்சல்.

அடுத்தது பொன்னுரங்கம். கூண்டில் ஏறினார். நாம் கெட்டது போதாதென்று ஏட்டையாவையும் கெடுக்கப்போகிறோமே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது. திரையில் திருடனின் கட்டம்போட்ட லுங்கி, மேலேயிருந்து மூன்றாவது பட்டன் இல்லாத சட்டை, சைக்கிள் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த ஈ, எல்லாம் துல்லியமாக ஓடின. ஏட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து அவர் பச்சை பொன்னுரங்கம். பக்கத்து ஸ்டேஷன்காரர்கள் எல்லாம் ஜீப் அனுப்பி அழைத்துப் போனார்கள். மூன்று வருஷத்தில் நாற்பத்தியொரு வழக்கு, நாற்பத்தியொன்றும் பச்சை. ஆரம்பத்தில் அவருக்கே ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்தது. போகாத இடத்தை எப்படிப் பார்த்தோம்? அதற்கு அவரே ஒரு பதிலும் கண்டுபிடித்தார். எத்தனையோ பேர் படித்துச் செய்த மெஷின், அதுவா தப்புச் சொல்லும்? நாம்தான் போனதை மறந்திருப்போம். இப்படி நினைத்தபிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

நாற்பத்தியோராவது வழக்கு அம்மன் சிலை வழக்கு. கோயிலில் காணாமல் போன ஒரு முழப் பஞ்சலோகச் சிலை, பம்பு செட் மெக்கானிக் வேலாயுதத்தின் வீட்டுக் கொல்லையில், கோழிப் பஞ்சாரத்துக்கு அடியில் புதைத்திருந்தது என்று வழக்கு. பஞ்சாரத்தைத் தூக்கி, மண்ணைத் தோண்டி, சிலையை எடுத்ததைப் பொன்னுரங்கம் பார்த்தார். பச்சை எரிந்தது. நீதிபதி அருந்ததி அம்மாள் வேலாயுதத்துக்குப் பத்து வருஷம் போட்டார். கூடைச் சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் அதே நீதிபதியிடம் ஒரேயொரு மறுபார்வை கேட்கலாம். அதிலும் தோற்றால் அவ்வளவுதான், பத்து வருஷமும் கம்பிக்குள்தான்.

எண்பதாவது நாள் காலையில் வேலாயுதத்தின் பெண்சாதி பவளக்கொடி புங்கமரத்தடிக்கு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று பொன்னுரங்கம் நினைத்தார். இஸ்திரிப்பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், அது அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது நல்லது பாருங்கள். ஆனால் அவள் சத்தமே போடவில்லை. போனை நீட்டினாள். கோர்ட்டில் ஓடிய படத்தின் நகல் அதில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. எங்க வீட்லயும் கோழி இருக்கு, இல்லேங்கல. ஆனா அஞ்சும் சிவப்புக் கோழி. உங்க படத்துல பஞ்சாரத்துக்குள்ள இருக்குதே, கழுத்துல இறகே இல்லாம ஒரு வெள்ளக் கோழி, அது யாரு வீட்டுக் கோழிண்ணே?"

"உங்க வீட்டுதுதான் தாயி, நான் பார்த்தேனே" என்றார் பொன்னுரங்கம். மனசறிந்துதான் சொன்னார்.

பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கோமளா, கோழி என்றதும் எட்டிப் பார்த்தாள். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள். தள்ளி வைத்தாள். அப்புறம் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் வாங்கியதில்லை.

"ஏங்க, இது எங்கம்மா வளத்த கோழிங்க. பஞ்சாரமும் எங்க வீட்டுப் பஞ்சாரம், பாருங்க, ஓரத்துல பச்சை ஒயர் போட்டுக் கட்டியிருக்கு. இந்தக் கோழியத்தான் உங்க தலை தீபாவளிக்கு அடிச்சுக் குழம்பு வச்சோம். ரெண்டு காலும் நீங்கதான் தின்னீங்க."

பவளக்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பொன்னுரங்கம் போனை வாங்கி அந்தக் கோழியையே பார்த்தார். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் செரித்துப்போன கோழி ஒருத்தனைப் பத்து வருஷம் உள்ளே தள்ளியிருக்கிறது. தள்ளியது கோழியா, கோழியைத் தின்றவரா?

மத்தியானமே ஏட்டிடம் போய்க் கேட்டார். சண்முகையா கெட்ட மனுஷனில்லை, சோம்பேறி. சிலை கிடைத்தது பஸ் நிறுத்தத்தில், ஒரு கோணிக்குள். சிலை இருக்கிறது, திருடன் இல்லை. கோயில் பம்பைக் கடைசியாகப் பழுது பார்த்தவன் வேலாயுதம். 'மேலேயிருந்து நெருக்குனாங்க பொன்னுரங்கம், நீ இருக்கற தைரியத்துல எழுதிட்டேன்' என்று ஏட்டு பெருமையும் வருத்தமுமாகச் சொன்னார். இதை வந்து கோர்ட்டில் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, தனக்கு ஓய்வு பெற ஏழு மாதம்தான் பாக்கி என்று பதில் வந்தது.

கோர்ட்டில் கூடையை இயக்குகிற பெண் நிலோஃபர். அவளுடைய வெள்ளைக் கோட்டும் பொன்னுரங்கத்திடம்தான் இஸ்திரிக்கு வரும். அன்று சாயங்காலம் கோட்டு வாங்க வந்தவளை உட்கார வைத்து, புருஷனும் பெண்சாதியும், வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்த பவளக்கொடியும் கோழிக் கதை முழுவதையும் சொன்னார்கள். அவள் ஆச்சரியப்படவில்லை.

"கூடைக்கு நடந்தது என்னன்னு தெரியாதுண்ணே. ஒரு விஷயம் உங்க மண்டைக்குள்ள எந்த அறையிலேர்ந்து வருதுன்னு மட்டும்தான் தெரியும். கற்பனை அறையிலேர்ந்து வந்தா சிவப்பு, ஞாபக அறையிலேர்ந்து வந்தா பச்சை. நீங்க ஏட்டு சொன்னதைத் தூக்கி ஞாபக அறையில வச்சுட்டீங்க. கதைக்கு வேண்டிய கோழி, பஞ்சாரம் எல்லாம் உங்க வாழ்க்கையிலேர்ந்தே எடுத்துக்கிட்டீங்க."

"நான் எப்பம்மா வச்சேன்?"

"சட்டைக்கு ஒரு தடவை."

இதைக் கோர்ட்டில் சொல்லக்கூடாதா என்று கோமளா கேட்டாள். நிலோஃபர் மேலிடத்துக்கு மூன்று தரம் எழுதிப் போட்டாளாம். மெஷினோடு வந்த குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருக்கிறது, அதுவே போதும் என்று பதில் வந்ததாம். சரி, நான் பார்க்கவில்லை என்று பொன்னுரங்கமே ஏறிச் சொன்னால்? சொல்லலாம். ஆனால் அவர் மண்டைக்குள் பார்த்ததாகத்தானே இருக்கிறது, சிவப்புதான் எரியும். மாமியார் வீட்டுக் கோழி என்றால்? கழுத்தில் இறகில்லாத கோழி ஊரில் ஒன்றுதானா என்பார்கள். அன்றைக்கு வேறு எங்கே இருந்தார் என்று காட்டலாமே என்றால், அவர் எல்லா நாளும் இருந்த இடத்தில்தான் இருந்தார். எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால், அதில் ஒரு நாள் மட்டும் எவருக்கு ஞாபகம் இருக்கும்?

பவளக்கொடி அழுகையை நிறுத்திவிட்டு, இனி யாரிடம் போவது என்று மட்டும் கேட்டாள். பொன்னுரங்கம் இஸ்திரிப்பெட்டிக்குள் கரியைக் கிளறிக்கொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"இத்தனை நாளா ஏட்டையா சொன்னதைத் தேய்ச்சேன். இப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்க, அதையும் தேய்க்கிறேன். நடக்கவே முடியாத ஒண்ணா சொல்லுங்க. அதுக்கும் பச்சை எரிஞ்சா?"

நிலோஃபர் கோட்டைக் கீழே வைத்தாள். அப்படி எரிந்தால் கூடையின் குட்டு உடைந்துவிடும். ஆனால் அந்தப் பொய், நீதிபதியே பார்த்த மாத்திரத்தில் இது பொய் என்று சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். சிலையைப் புதைத்தது யார் என்று காட்டினால் அந்த அம்மாள் சத்தியமாக நம்பமாட்டார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போலக் கோமளா சொன்னாள்:

"அந்தம்மாவையேதான் காட்டணும்."

பவளக்கொடியின் வக்கீல் ஆசீர்வாதம் இதைக் கேட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்தார். பொன்னுரங்கம் இன்னின்ன காட்சியைக் காட்டப்போகிறார், இது முழுக்க இட்டுக்கட்டியது என்று ஒரு தாளில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி, உறையில் வைத்து அரக்கு முத்திரை போட்டு, கோர்ட் அலுவலகத்தில் தேதி போட்டு ஒப்படைத்தார். கையெழுத்துப் போடுவது பொன்னுரங்கத்துக்குப் புதிதா என்ன?

மறுநாளிலிருந்து கோமளா ஏட்டையா ஆனாள். சண்முகையாவை விட நன்றாகவே பாடம் எடுத்தாள். மார்ச் பன்னிரண்டு, சிலை காணாமல் போன மறுநாள், காலை ஆறரை மணி. கறுப்பு அங்கி போட்ட அம்மாள் கொல்லைப்பக்கம் வருகிறார். சுற்றுமுற்றும் பார்க்கிறார். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குத்தவைத்து உட்காருகிறார். பஞ்சாரத்தைத் தள்ளிவிட்டு ஈர மண்ணைக் கையாலேயே தோண்டுகிறார். காலருக்கு ஒரு வரி, கைக்கு ஒரு வரி.

முதல் இரண்டு நாள் பொன்னுரங்கத்துக்குச் சிரிப்புத்தான் வந்தது. படித்த அம்மாள், பாவம், கோழிப் பீயில் கையை வைக்கிறாரே என்று. நாலாம் நாள் சிரிப்பு நின்றது. ஆறாம் நாள் சோறு தின்னும்போது, "இவ்ளோ பெரிய பதவியில இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமா?" என்று தட்டைத் தள்ளி வைத்தார். கோமளா தட்டைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள். "ஏங்க, இது நாம சோடிச்சதுங்க" என்றாள்.

"தெரியும் கோமளா. சோடிச்சது எனக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா கண்ணால பார்த்தேனே."

விசாரணை நாள் வந்தது. அருந்ததி அம்மாள் கறாரான மனுஷி, ஆனால் நியாயஸ்தி. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏற்கெனவே பச்சை எரிந்த சாட்சியை மறுபடி ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மார்ச் பன்னிரண்டு காலை ஆறரை மணிக்குச் சிலையைப் புதைத்தவர் யார் என்பது பற்றி மட்டும் ஒரு கேள்வி என்றார் ஆசீர்வாதம். பொன்னுரங்கம் கூண்டில் ஏறினார். நீதிபதியின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது, அவமானம் அந்த அம்மாளுக்குத்தானே என்று.

நிலோஃபர் கூடையைக் கவிழ்த்தாள். திரையில் விடியல் வெளிச்சம். கறுப்பு அங்கி. நீதிபதி அருந்ததி அங்கியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, நாய் தோண்டுவதுபோல மண்ணைத் தோண்டினார். வெள்ளைக் கோழி ஒன்று கழுத்தை நீட்டி அதை வேடிக்கை பார்த்தது. சிலையைக் குழிக்குள் வைத்து மூடிவிட்டு, கையை அங்கியிலேயே துடைத்துக்கொண்டார். ஓரத்தில் விளக்கு பசேலென்று எரிந்தது.

அரசு வக்கீல் சட்டப் புத்தகத்தைத் திறந்து மூடினார். பச்சை எரிந்த படத்தை யாரும் குறுக்கு விசாரணை செய்யக் கூடாதே.

"நான் அந்த வீட்டுப் பக்கமே போனதில்லை" என்றார் நீதிபதி. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அந்த நேரத்துல நான் நடக்கப் போயிருப்பேன். தினமும் போவேன்."

"யார் சாட்சி, அம்மா?" என்று ஆசீர்வாதம் மிகப் பணிவாகக் கேட்டார்.

அந்த அம்மாள் தனியாக நடக்கிறவர். யோசித்துப் பார்த்தார். வாய் திறந்தார், மூடினார். குற்றவாளிக் கூண்டில் நின்ற வேலாயுதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் இதே இடத்தில், இதே மாதிரி வாய் திறந்து மூடியவன்தான். அப்போதுதான் ஆசீர்வாதம் அலுவலகத்திலிருந்து அரக்கு உறையை வரவழைத்தார். நீதிபதி அதை உடைத்துப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். தாளை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, தீர்ப்பைத் தள்ளி வைத்தார்.

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வேலாயுதம் விடுதலை. பொன்னுரங்கத்துக்குப் பச்சை எரிந்த மற்ற நாற்பது வழக்கும் மறுபடி விசாரிக்கப்பட வேண்டும். கூடையை மட்டும் நம்பி இனி யாரையும் தண்டிக்கக் கூடாது என்று மேலிடத்துக்கும் ஒரு நீண்ட பரிந்துரை போனது. ஏட்டு சண்முகையாவுக்கு ஏழு மாதமும் தற்காலிகப் பணிநீக்கத்தில் கழிந்தது. பொன்னுரங்கத்தைப் பொய்ச்சாட்சிக்காக உள்ளே வைக்கலாமா என்று பார்த்தார்கள், முடியவில்லை. பொய்ச்சாட்சிக்குப் பொய் சொல்லியிருக்க வேண்டுமே, அவர் எங்கே சொன்னார்?

வேலாயுதமும் பவளக்கொடியும் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வேலாயுதம் கும்பிட்டானே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அதற்குப் பிறகு மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். மகனை இழந்த தாய், அண்ணனைச் சிறையில் விட்ட தம்பி, ஒருத்தி கைக்குழந்தையோடு. எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள், நிஜமாகவே பார்த்தீர்களா என்று. பொன்னுரங்கம் கண் கலங்கி, "பார்த்தேன் தாயி, நான் என்ன செய்யட்டும்?" என்பார். கோமளாதான் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் என்ன இருந்தது, கதவுக்கு என்ன நிறம், சுவரில் யார் படம் என்று துருவித் துருவிக் கேட்பாள். இதுவரை ஏழு வழக்கில் தங்கள் வீட்டுச் சாமான்களைக் கண்டுபிடித்திருக்கிறாள். மீதி முப்பத்திமூன்றை நினைத்துத்தான் பொன்னுரங்கம் இப்போதெல்லாம் இளைத்துப் போகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அருந்ததி அம்மாள் நடந்தே வந்தார். அங்கி இல்லை, நூல் புடவை, கையில் ஒரு துணிப்பை. கோமளா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டு, சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்களப் பார்த்தா எனக்கு அந்தக் கொல்லைதான் வருது. சோடிச்சதுன்னு தெரியும், ஆனாலும் வருது. நீங்க கவலப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

நீதிபதி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"தீர்ப்பு எழுதணுமேன்னு அந்தப் படத்தை நாப்பது அம்பது தடவை ஓட்டிப் பார்த்தேன், பொன்னுரங்கம். ஒவ்வொரு தடவையும் இது நான் இல்ல, நான் இல்லன்னு சொல்லிக்கிட்டேதான் பார்த்தேன். இப்ப கொஞ்ச நாளா கை கழுவும்போது நகத்துக்குள்ள மண்ணு இருக்கற மாதிரியே இருக்கு. அன்னிக்குக் காலையில நான் எந்தத் தெருவுல நடந்தேன்னு எவ்வளவு யோசிச்சும் வரல. அது மட்டும்தான் வருது." துணிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "வெள்ளிக்கிழமை நிலோஃபரை வெளியில போகச் சொல்லிட்டு, நானே கூடையைப் போட்டுக்கிட்டேன்."

பொன்னுரங்கம் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என்னம்மா எரிஞ்சுது?"

"பச்சை."

கோமளா கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பொன்னுரங்கம் வண்டியைச் சுற்றி வந்து, முதல்முறையாக அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம், அவருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

"அப்படின்னா அன்னிக்கு நாம ரெண்டு பேருமே அங்க இருந்திருக்கோம்மா."